குரலுக்கும் ஒரு திருமஞ்சனம்!

சங்கீத மேதை அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் வாழ்க்கை சொல்லும் பாடம்

புதுக்கோட்டையில் இருந்து மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது குடுமியான்மலை. ஸ்வாமிக்குச் சாத்திய மாலையில் தலைமுடி இருப்பதைப் பார்த்த மன்னன் விளக்கம் கேட்க, பயந்துபோன அர்ச்சகர் ஸ்வாமிக்குக் குடுமி உண்டு என்று சொல்லிவிட்டாராம். தன்னையே நம்பியிருக்கும் அடியவரைக் கைவிடுவாரா ஈசன்? லிங்கத் திருமேனியிலேயே குடுமியுடன் காட்சி தந்தார்! அதனால்தான் இங்கே அவருக்குச் சிகாநாதர் என்று திருநாமம். அம்பாள் அகிலாண்டேஸ்வரி.

இந்தத் தலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மலையைக் குடைந்து அமைத்த மேலைக்கோயில் சந்நிதிக்குப் பக்கத்தில், பாறையின் முகத்தில் ஸ்வரங்களை வரிவரியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்வெட்டு. ஏழு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் நான்கு நான்கு ஸ்வரங்களாகச் சேர்ந்த கோவைகள். செய்தவர் மகேந்திரவர்ம பல்லவர் என்பது நெடுநாளைய கருத்து. பிற்கால அறிஞர்கள் பலர் அதை ஏற்பதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. ருத்ராசார்யர் என்பவரின் சீடரும் பரம சிவபக்தருமான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது!

ஆக, பாடுவதற்கு முன் பழக வேண்டும் என்பதைக் கல்லிலேயே எழுதி வைத்த மண், புதுக்கோட்டை மண். அந்த ஊரைச் சேர்ந்த ஒரு வாத்தியாரிடம் பாட்டுப் படிக்கத் தொடங்கிய சிறுவன்தான், பிற்காலத்தில் கர்னாடக இசைக் கச்சேரிக்கே ஒரு புது வழியைப் போட்டுத் தந்தான்.

திருவேங்கடமுடையான் ஊரில்...

காரைக்குடியை ஒட்டியிருக்கிறது அரியக்குடி. தென் திருப்பதி என்று பக்தர்கள் கொண்டாடும் தலம். அலர்மேல்மங்கைத் தாயாருடன் திருவேங்கடமுடையான் அருள்பாலிக்கிறார். அந்தப் பெருமாளின் பெயரையே கொண்டவர் திருவேங்கடம் ஐயங்கார். வேதம் படித்தவர், ஜோதிடத்தில் வல்லவர். அவருக்கு 1890-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதி பிறந்த பிள்ளைதான் ராமானுஜம். ஜாதகத்தைக் கணித்த தந்தை, பிள்ளைக்குச் சங்கீத யோகம் இருப்பதை அப்போதே தெரிந்துகொண்டார் என்று சொல்வார்கள்.

யோகம் இருந்தால் மட்டும் போதுமா? பழக்கிவிட ஒரு குரு வேண்டாமா? முதலில் வாய்த்தவர் புதுக்கோட்டை மலையப்ப ஐயர். அன்றைய புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். மாமூண்டியா பிள்ளை, தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற லய மேதைகளால் சங்கீத உலகமே திரும்பிப் பார்த்த ஊர். மலையப்ப ஐயரிடம் ஆரம்பப் பாடங்களைக் கற்ற ராமானுஜம், பிறகு நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடம் படித்தார். அதன்பின் ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் (1860-1919) குருகுலவாசம்.

பூச்சி ஐயங்கார் யார் தெரியுமா? பாட்டுப் படித்த பெண்மணிகள் எல்லோருக்கும் மோகன ராகத்தில் அமைந்த 'நின்னுக்கோரி' வர்ணம் ஞாபகம் இருக்கும். அதை இயற்றியவர் அவர்தான்! அவருடைய குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர் (1845-1902). ஆபோகியில் 'எவரி போதன' வர்ணத்தைத் தந்தவர். ஆக, ராமானுஜம் போய்ச் சேர்ந்தது, தலைமுறை தலைமுறையாக வர்ணங்களை உருவாக்கிய பரம்பரையில்.

இந்தப் பரம்பரைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பட்டணம் சுப்பிரமணிய ஐயருக்கு இயற்கையில் அமைந்த குரல் இனிமையானதல்ல. கரகரப்பும் முரட்டுத்தனமும் கொண்டது. அதே காலத்தில் வாழ்ந்த மகா வைத்தியநாத ஐயருக்கோ பிறவியிலேயே தேன் குரல். அவரைப் பார்த்து மனம் தளர்ந்து, இவர் பாட்டை விட்டுவிடவில்லை. இடைவிடாத சாதகத்தால் தன் குரலைப் பதப்படுத்தி, மகா வைத்தியநாத ஐயருக்கு நிகராக வைத்துப் பேசப்படும் நிலைக்கு உயர்ந்தார். குரல் என்பது வரம் மட்டுமல்ல, வளர்க்கப்படுவதும்கூட என்பதற்கு அந்த வீட்டிலேயே உதாரணம் இருந்தது.

விடியற்காலை சாதகம்

அந்நாளைய குருகுலங்களில் பாட்டு வகுப்பு என்று தனியாக மணி கிடையாது. பொழுது புலர்வதற்கு முன்பே தம்பூராவை மீட்டிவிடுவார்கள். எடுத்த எடுப்பில் கீர்த்தனை பாட முடியாது. முதலில் ஆதார ஸட்ஜத்தில் 'அ' என்று அகாரமாக நிற்க வேண்டும். அப்புறம் மந்திர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயியில் மெதுவாக இறங்கிப் பழக வேண்டும். பிறகு ஸரளி வரிசை, ஜண்டை வரிசை. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று படிப்படியாக வேகம் கூடும். இத்தனையும் ஆன பிறகுதான் வர்ணம்.

இரவு முழுக்கப் பேசாமல் இருந்த தொண்டை, காலையில் கனத்துப்போய் இருக்கும். அந்த நிலையில் உச்ச ஸ்தாயியை எட்டிப் பிடிக்கப் போனால், குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதிப் புண்ணாகிவிடும். தினமும் இப்படியே செய்தால், குரல் கம்மிக் கரகரத்துப் போகும். குரல் வைத்தியர்கள் இன்று சொல்லும் இந்த எச்சரிக்கை, அன்றைய பாடமுறைக்குள்ளேயே இருந்தது!

கோயிலில் பாருங்களேன்... அலங்காரமும் தீபாராதனையும் எவ்வளவு விமரிசையாக இருந்தாலும், முதலில் நடப்பது திருமஞ்சனம். அதுபோலத்தான் இதுவும். குரலுக்குத் திருமஞ்சனம் செய்த பிறகே பாட்டு என்னும் அலங்காரம்.

வர்ணத்தில் தொடங்கும் கச்சேரி

அந்தக் காலத்துக் கச்சேரிகள் ஐந்து மணி, ஆறு மணி நேரம்கூட நீளும். ராகம், தானம், பல்லவிக்கே பெரும்பகுதி போய்விடும். கீர்த்தனைகள் சிலவே. பாட்டு நுணுக்கம் தெரிந்தவர்களுக்கு அது விருந்து. சாமானிய ரசிகர்களோ களைத்துப்போவார்கள்.

அரியக்குடி இதை மாற்றினார். இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குள் கச்சேரியை அடக்கினார். முதலில் வர்ணம். பிறகு விறுவிறுப்பான சில கீர்த்தனைகள். நடுவில் விஸ்தாரமான ராக ஆலாபனையுடன் பெரிய உருப்படி. அளவான ராகம் தானம் பல்லவி. நிறைவாகத் திருப்பாவை, திருப்புகழ், பதம், ஜாவளி போன்ற சின்னச் சின்ன உருப்படிகள். இன்றைக்கும் மார்கழி மாதம் சென்னை சபாக்களில் நாம் கேட்கிற கச்சேரிகளில் பெரும்பாலானவை அவர் போட்ட இந்தப் பாதையில் போகிறவைதான்.

ஏன் வர்ணத்தில் தொடங்கினார்? வர்ணத்தில் சாகித்ய எழுத்துகள் குறைவு. ஒவ்வோர் எழுத்தும் நீண்டு ஒலிப்பதால், அகார சாதகம் தானாகவே நடந்துவிடும். கீழிருந்து மேல்வரை ஸ்வரங்களைத் தொட்டு வரும். முதல் காலத்தில் நிதானமாகவும் இரண்டாம் காலத்தில் விரைவாகவும் பாடுவதால், மூச்சும் நாக்கும் தொண்டையும் ஒரு கட்டுக்குள் வந்துவிடும். பாடுபவருக்கு அது பதப்படுத்தும் பயிற்சி. கேட்பவருக்கோ முதல் நிமிஷத்திலேயே விருந்து! முன்பும் வர்ணம் பாடியவர்கள் உண்டு. ஆனால், அதைக் கச்சேரியின் வாசற்படியாகவே நிலைநிறுத்தியவர் அரியக்குடி. அவர் பாட உட்கார்ந்தால் முதல் அரை மணியிலேயே கச்சேரி களைகட்டிவிடும் என்று பெரியவர்கள் இன்றும் சிலாகிப்பார்கள்.

இந்த நிதானம்தான் அவருடைய குரலைக் காப்பாற்றியது. எழுபது வயதைக் கடந்தும் மேடையில் பாடினார். 1938-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 1952-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1958-ல் பத்மபூஷண் என்று கௌரவங்கள் தேடி வந்தன. கே.வி. நாராயணஸ்வாமி, பி. ராஜம் ஐயர், மதுரை என். கிருஷ்ணன் போன்ற சீடர்கள் அந்தப் பாணியைத் தொடர்ந்தார்கள்.

ஆண்டாளுக்கு ஓர் இசை மாலை

நம் இல்லங்களுக்கு அவர் தந்த மிகப் பெரிய கொடை, திருப்பாவை. முப்பது பாசுரங்களுக்கும் அவர் ராகம் அமைத்தார். எம்.எல். வசந்தகுமாரி அந்த மெட்டில் பாடிய இசைத்தட்டு, எத்தனையோ வீடுகளில் மார்கழி விடியலின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அதில் ஓர் அழகைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் பாசுரம் நாட்டை, இரண்டாவது கௌளை, மூன்றாவது ஆரபி, நான்காவது வராளி, ஐந்தாவது ஸ்ரீராகம். இவை ஐந்தும் கன ராகங்கள். சம்பிரதாயமாகத் தொடக்கத்தில் இசைப்பதற்கு உரியவை. கச்சேரிக்கு வர்ணத்தை வாசலாக வைத்தவர், ஆண்டாளின் மாலைக்குக் கன ராகங்களை வாசலாக வைத்துவிட்டார்! நிறைவுப் பாசுரத்துக்கு மங்களகரமான சுருட்டி.

சுருதிப் பெட்டி இல்லாமல் ஒரு பரீட்சை

1961-ஆம் ஆண்டு வாக்கில் நடந்த சம்பவம் இது. காஞ்சி மகா ஸ்வாமிகள் செட்டிநாட்டுப் பகுதியில் முகாமிட்டிருந்தார். அரியக்குடி அந்தப் பக்கம் வந்திருப்பதை அறிந்து அழைத்துவரச் சொன்னார். முத்துஸ்வாமி தீட்சிதர் காம்போஜியில் முருகப்பெருமான்மீது இயற்றிய 'ஸ்ரீ சுப்ரமண்யாய நமஸ்தே' கீர்த்தனையைக் கேட்க வேண்டும் என்பது பெரியவரின் விருப்பம். பதங்களைச் சரியாகப் பிரித்து, பொருள் சிதையாமல் பாடக்கூடியவர் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தாராம்.

அரியக்குடிக்கு அப்போது 71 வயது. சுருதிப் பெட்டி இல்லை. வயலின், மிருதங்கம் எதுவும் இல்லை. கேட்டது ஒரே ஒரு கீர்த்தனை. ஆகவே, தொண்டையைப் பதப்படுத்தும் வர்ணத்துக்கும் அங்கே இடமில்லை. காம்போஜியோ விஸ்தாரமான ராகம். தீட்சிதர் கீர்த்தனையோ நிதானமான நடையில், மூச்சுக்கும் குரலுக்கும் சோதனை வைப்பது. கேட்பவரோ, ஓர் அட்சரம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடக்கூடிய மகான். வாழ்நாள் முழுக்க முன்தயாரிப்போடு பாடியவருக்கு, எந்த ஆயத்தமும் இல்லாமல் ஒரு பரீட்சை!

சுருதி இல்லையே என்று தயங்கியவரை, அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பெரியவர் தேற்றினார். அரியக்குடி பாடினார். பதம் பதமாக, தெளிவாக, முழுமையாகப் பாடினார். பெரியவர் கண்மூடிக் கேட்டு, பிறகு கீர்த்தனையின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் விளக்கினாராம். கச்சேரிகள், பட்டங்கள், விருதுகள் எல்லாவற்றுக்கும் மேலான பாக்கியமாக அதைக் கருதி, விழுந்து வணங்கினார் அந்த முதிய வித்வான்.

யோசித்துப் பார்த்தால், அன்று அவர் பதப்படுத்தாத குரலில் பாடவில்லை. அறுபது வருஷ விடியற்கால சாதகம் அந்தக் குரலுக்குள் இருந்தது. கைக்கெட்டாத தூரத்தில் தம்பூரா இருந்தாலும், சுருதி அவர் உள்ளுக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது. தினமும் செய்கிற சிறிய பயிற்சி, எதிர்பாராத நேரத்தில் பகவான் அழைக்கும்போது கைகொடுக்கும்.

1967-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ஆசார்யன் திருவடி அடைந்தார். ஆண்டாளின் மார்கழி நிறைந்து, தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்த நேரம் அது.

நாமும் செய்யலாமே!

சின்ன வயதில் பாட்டுப் படித்தும், கல்யாணத்துக்குப் பிறகு பாடுவதையே விட்டுவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். நவராத்திரிக் கொலுவில் யாராவது பாடச் சொன்னால், குரலே எழும்பவில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். குரல் போய்விடவில்லை சகோதரிகளே... அதைத் தயார் செய்யாமல் அழைக்கிறோம், அவ்வளவுதான்!

விளக்கேற்றிய பிறகு பத்தே நிமிஷம் ஒதுக்குங்கள்.

* வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அருந்துங்கள். பலமாகக் கனைத்துத் தொண்டையைச் சரிசெய்ய வேண்டாம். அது குரல் நாண்களை உரசிவிடும்.

* வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று மெல்ல முனகுங்கள். உதட்டிலும் மூக்கிலும் லேசான அதிர்வு தெரிந்தால் சரி.

* உங்களுக்குச் சிரமமில்லாத சுருதியை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் பாடும் கட்டையில்தான் பாட வேண்டும் என்பதில்லை. சுருதிப் பெட்டி இல்லையென்றால், கைபேசியிலேயே சுருதி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது.

* ஸட்ஜத்தில் அகாரமாக நின்று, கீழ் ஸ்தாயியில் மெதுவாக இறங்கி ஏறுங்கள். பிறகு ஸரளி வரிசை; தெரிந்தால் ஒரு வர்ணம்.

* அதன் பிறகு ஸ்லோகமோ, பாசுரமோ, தேவாரமோ மனமுருகப் பாடுங்கள்.

தொண்டை கட்டியிருக்கும் நாளில் குரலுக்கு ஓய்வு கொடுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

புதுக்கோட்டைப் பக்கம் போகும்போது, குடுமியான்மலைக்குச் சென்று சிகாநாதரையும் அகிலாண்டேஸ்வரியையும் தரிசியுங்கள். மேலைக்கோயில் பாறையில் இருக்கும் அந்த ஸ்வரங்களையும் கண்குளிரப் பாருங்கள். அப்படியே காரைக்குடி வழியாக அரியக்குடிக்கும் போய், திருவேங்கடமுடையானைச் சேவித்து, ஆண்டாளின் பாசுரம் ஒன்றைப் பாடிவிட்டு வாருங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. பெருமாள் கேட்பார்!