மோட்டாரைக் கழற்றிப் படித்த மனிதர்: யார் இந்த ஜி.டி. நாயுடு?

தேக்காவில் மின்விசிறி வாங்கப் போனால் டிசி மோட்டார் பற்றிக் கேள்விப்படுவீர்கள். அதில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் கிடையாது. உள்ளே சுழலும் காந்தம் எங்கே நிற்கிறது, எந்தச் சுருளுக்கு மின்சாரம் போகணும் என்பதை ஒரு சில்லு கவனித்துக்கொள்கிறது.

சரி, இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தது யார் தெரியுமா?

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

1893இல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கலை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார்சைக்கிள் ரொம்பப் பிடித்தது. ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அதையே வாங்கினார். ஓட்டியதோடு விடலை. பாகம் பாகமாகக் கழற்றி மீண்டும் மாட்டினார். அதுதான் அவர் படித்த கல்லூரி!

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கினார். அது பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது.

1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டாரை உருவாக்கினார். கோவை இன்று மோட்டார், பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊர்.

பிறகு கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி அமையக் காரணமாக இருந்து, அதன் முதல்வரும் ஆனார். பொறியியல் படிக்க 4 ஆண்டு எதற்கு, 2 ஆண்டு போதும் என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஏற்கலை. பதவியை விட்டு விலகினார்.

1974இல் காலமானார்.

இன்றைய மோட்டாரைக் கழற்றினால் காந்தமும் சுருளும் கண்ணுக்குத் தெரியும். சில்லுக்குள் இருக்கும் கட்டளைகள் தெரியாது. நாயுடு வழியில் கற்க நினைப்பவருக்குத் திருப்புளியோடு இப்போது நிரலும் தெரிந்திருக்கணும்.