தாமஸ் யங்: கருவட்டத்தின் காரணம் கண்டவர்

இங்கிலாந்தின் மில்வெர்டனில் 1773ஆம் ஆண்டு பிறந்த தாமஸ் யங், இரண்டு வயதிலேயே படிக்கக் கற்றவர், தொழிலால் மருத்துவர்.

கண்ணாடித் தட்டின்மீது வில்லையை வைத்தால் தோன்றும் நியூட்டன் வளையங்களின் நடுவிடம் இருண்டிருப்பது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். அங்கே காற்றிடைவெளி இல்லை. ஆகவே இரு எதிரொளிப்புகளும் ஒன்றுகூடி ஒளிர வேண்டுமன்றோ? கனத்த பந்தில் மோதிய சிறுபந்து பின்னே திரும்பும். சிறுபந்தில் மோதிய பெரும்பந்தோ முன்னேயே செல்லும். அதுபோல, அடர்மிகு ஊடகத்தில் பட்டு மீளும் அலை மட்டுமே அரை அலைநீளம் கட்டம் மாறுகிறது. ஆதலின் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன எனத் தெளிந்தார்.

1802இல் அதனைச் சோதித்தார். இருவகைக் கண்ணாடிகளுக்கு நடுவே, அவற்றிற்கு இடைப்பட்ட ஒளிவிலகல் எண்ணுடைய சாசஃப்ராஸ் எண்ணெயை இட்டார். இரு எதிரொளிப்புகளும் ஒருதன்மையவாயின, கருவட்டம் வெண்வட்டமாயிற்று.

ஆயினும் 1803இல் ‘எடின்பரோ ரெவ்யூ’ அவரை எள்ளி நகையாடியது. மறுத்து அவர் எழுதிய சிறுநூல் ஒரேயொரு படிதான் விற்றது. பின்னர்ப் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் அலைக்கொள்கையை நிலைநாட்டினார். 1829இல் மறையுமுன் யங் அவ்வெற்றியைக் கண்டார். இகழ்ச்சிக்கு அஞ்சாத ஆய்வுநெறி மாணவர்க்கு அவர் விட்டுச்சென்ற செல்வமாகும்.