கிருமிகளுக்கு ஒரு கோர்ஸ்! நோபல் கிடைக்காத எமில் ரூ, உலகுக்குக் கொடுத்த மாணவர்கள்... யார் இவர்?

உங்கள் தோள்பட்டைக்குக் கீழே சின்னதாக ஒரு வட்டத் தழும்பு இருக்கா? பிறந்த உடனே போடப்படும் பிசிஜி ஊசி விட்டுச்சென்ற தடம் அது. பிசிஜியில் இருக்கும் 'சி' என்பது கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர். அந்தக் கால்மெட்டுக்கு லேபில் நின்று கிருமியைக் கையாளக் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். பெயர் எமில் ரூ. (ரூபாய் இல்லைங்க, அவர் பெயரே ரூ தான்.)

இன்று உலகம் முழுக்க, தொற்றுநோய் ஆராய்ச்சிக்குள் புதிதாக வரும் இளைஞர்களுக்குச் சில வாரப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. காலையில் பாடம், பிறகு லேபில் செய்முறை, பல நாட்டு மாணவர்கள் ஒரே மேஜையில். இந்த முறையை உருவாக்கிய முன்னோடிகளில் முக்கியமானவர் ரூ. ஆனால் பள்ளிப் பாடப்புத்தகத்தில் லூயி பாஸ்டர் இருப்பார், ராபர்ட் காக் இருப்பார். ரூவைத் தேடினாலும் கிடைக்காது.

யார் இந்த எமில் ரூ?

1853 டிசம்பர் 17-ல் பிரான்ஸில் கான்ஃபோலான் என்ற சிற்றூரில் பிறந்தார். மருத்துவம் படித்தார். ராணுவ மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, அங்கே ஒத்துவராமல் வெளியே வந்தார். மேலதிகாரி சொன்னால் தலையாட்டும் ஆள் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1878-ல் பாஸ்டரின் லேபில் உதவியாளராகச் சேர்ந்தார்.

பாஸ்டர் வேதியியல்காரர், மருத்துவர் கிடையாது. நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். கோழிக் காலரா, ஆந்த்ராக்ஸ், ரேபிஸ் என்று பாஸ்டர் பெயரில் நாம் படிக்கும் தடுப்பூசிக் கதைகளில் எல்லாம் ரூவின் கை இருக்கிறது.

அலெக்ஸாண்டிரியாவில் ஒரு மரணம்

1883-ல் எகிப்தில் காலரா வெடித்தது. காரணம் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க பிரான்ஸ் நான்கு பேரை அனுப்பியது. அதில் ரூவும் ஒருவர், லூயி துய்லியே என்ற இளைஞர் இன்னொருவர். ஜெர்மனியிலிருந்து ராபர்ட் காக்கின் குழுவும் அதே ஊருக்கு வந்தது. 1870-ல் தொடங்கிய போர் முடிந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இரண்டு நாட்டுக்கும் பேச்சே கிடையாது என்கிற நிலைமை.

துய்லியேவுக்குக் காலரா தொற்றியது. ரூ பக்கத்திலேயே இருந்து பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. வயது 27. இறுதிச் சடங்குக்குக் காக்கும் தன் குழுவோடு வந்தார். பிரெஞ்சுக் குழு வெறும் கையோடு ஊர் திரும்பியது. காக் அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறி, அடுத்த வருடம் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதி செய்தார்.

திறமை இருந்தும் பிரெஞ்சுக் குழு ஏன் தோற்றது? காக்கிடம் இருந்தது முறை. கிருமியைத் திடமான ஊடகத்தில் வளர்த்து, தனித்தனியாகப் பிரித்து, சாயம் ஏற்றிப் பார்ப்பது அவருடைய வழி. அதை அவர் பெர்லினில் மற்ற மருத்துவர்களுக்கு வகுப்பு வைத்தே சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். பிரான்ஸில் அப்படி எதுவும் இல்லை. பாஸ்டரின் வித்தை அவர் லேபுக்குள்ளேயே நாலைந்து பேரோடு நின்றது.

குருவோடு ஒரு மோதல்

1885 ஜூலை 6. வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை பாஸ்டரிடம் கொண்டு வந்தார்கள். ரேபிஸ் தடுப்பூசியை மனிதருக்குப் போட்டுப் பார்க்கலாமா? விலங்குகளில் இன்னும் சோதனை தேவை என்று ரூ நினைத்தார், அதனால் ஒதுங்கிக்கொண்டார். ஊசி போட்டது கிராஞ்சே என்ற வேறு மருத்துவர். சிறுவன் பிழைத்தான், பாஸ்டர் உலகப் புகழ் பெற்றார்.

பிழைத்துவிட்டான் என்பதால் ரூ தப்பு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்றுதான் தோன்றுகிறது. இன்று எந்த மருந்துச் சோதனைக் குழுவிலும் அவர் கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். எப்படியோ, பிறகு இருவரும் மீண்டும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள்.

அந்த கோர்ஸ் எப்படி வந்தது?

1888 நவம்பர் 14-ல் பாரிஸில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டது. பக்கவாதத்தால் தளர்ந்துபோன பாஸ்டரால் வகுப்பெடுக்க முடியாது. பொறுப்பு ரூவிடம் வந்தது.

ரூவுக்கு அலெக்ஸாண்டர் யெர்சின் என்ற சுவிஸ் இளைஞர் உதவியாளராக இருந்தார். ரேபிஸில் இறந்தவரின் உடலை அறுத்தபோது யெர்சினின் கை வெட்டுப்பட, ரூ உடனே தடுப்பூசி போட்டார். அப்படி ஆரம்பித்த உறவு அது. 1888-ல் யெர்சின் பெர்லினுக்குப் போய், காக்கின் வகுப்பிலேயே மாணவராக உட்கார்ந்து கற்றுத் திரும்பினார். ஆம், போட்டி நாட்டின் வகுப்பில்தான். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் இன்னொரு துய்லியேவைப் பலி கொடுக்க வேண்டியிருக்கும்.

1889 மார்ச் 15-ல் ரூவின் வகுப்பு தொடங்கியது. பாடத்தோடு நிற்காமல், ஒவ்வொருவரும் தன் கையால் கிருமியை வளர்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். மருத்துவர்களோடு கால்நடை மருத்துவர்களும் வந்தார்கள், வெளிநாட்டுக்காரர்களும் வந்தார்கள். கிருமியோடு எப்படிப் பழகுவது, எப்படித் தானும் சாகாமல் பக்கத்தில் இருப்பவரையும் சாகடிக்காமல் வேலை செய்வது என்பதைப் புத்தகம் படித்து வரவழைக்க முடியாது. அது கைப்பழக்கம், ஒருத்தர் செய்வதைப் பார்த்துத்தான் வரும்.

வகுப்பிலிருந்து போனவர்கள் எங்கே போனார்கள்?

1890-ல் அந்த வகுப்பில் படித்தவர் கால்மெட். அடுத்த வருடமே சைகோனில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தொடங்க அனுப்பப்பட்டார். யெர்சினுக்கு லேப் வாழ்க்கை அலுத்தது. கப்பல் மருத்துவராகக் கிளம்பிப் போய், 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

யெர்சின் விட்டுப்போன உதவியாளர் இடத்துக்கு வந்தவர் வால்டெமர் ஹாஃப்கின். ஒடெஸாவைச் சேர்ந்த யூதர். பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் முதலில் அவர் பார்த்தது நூலக வேலை. ரூவின் லேபில் நின்றவர் காலராத் தடுப்பூசி தயாரித்துத் தன் மேலேயே முதலில் போட்டுக்கொண்டார். 1893-ல் இந்தியா வந்தார். 1897-ல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியையும் தன் உடம்பிலேயே சோதித்தார். மும்பையில் இருக்கும் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் அவர் பெயரில்தான். ரூவின் வகுப்பில் படித்த இன்னொருவர் சிமோண். பிளேக்கைப் பரப்புவது எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி என்று 1898-ல் கராச்சியில் காட்டியவர். அப்போது யாரும் நம்பவில்லை, அது தனிக்கதை.

குழந்தைகளைக் காப்பாற்றிய குதிரைகள்

ரூவின் சொந்த ஆராய்ச்சியில் பெரியது டிப்தீரியா. தொண்டையில் சவ்வு படர்ந்து குழந்தைகள் மூச்சடைத்துச் சாகும் நோய். கிருமி தொண்டையில்தான் இருக்கும், ஆனால் இதயமும் நரம்பும் கெடும். எப்படி? 1888-ல் ரூவும் யெர்சினும் கிருமி வளர்ந்த திரவத்தைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார்கள். கிருமியே இல்லாத அந்தத் திரவம் கினி எலிகளைக் கொன்றது. ஆக, கொல்வது கிருமி சுரக்கும் நஞ்சு.

1890-ல் ஜெர்மனியில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் அந்த நஞ்சுக்கு முறிவு உடம்பிலேயே உருவாகும் என்று காட்டினார்கள். ரூ அதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனார். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்தார். 1894-ல் பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதுவரை அங்கே டிப்தீரியா வந்த குழந்தைகளில் பாதிப் பேர் இறந்தார்கள். இப்போது இறந்தவர்கள் சுமார் கால்வாசி. அதே மாதங்களில் சீரம் தராத இன்னொரு மருத்துவமனையில் 100-க்கு 60 குழந்தைகள் இறந்தார்கள். புடாபெஸ்ட் மாநாட்டில் ரூ இந்தக் கணக்கை வைத்ததும், குதிரை வாங்க பிரான்ஸ் மக்கள் நன்கொடை அனுப்பத் தொடங்கினார்கள்.

1901-ல் முதல் மருத்துவ நோபல் பேரிங்குக்குப் போனது. ரூவை நூறு தடவைக்கு மேல் பரிந்துரைத்தார்கள், ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. 1903-ல் ஓசிரிஸ் பரிசாகக் கிடைத்த 1 லட்சம் பிராங்கை அப்படியே இன்ஸ்டிடியூட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்த வங்கியாளர் ஓசிரிஸ், தான் இறக்கும்போது தன் பெருஞ்சொத்தை அந்த இன்ஸ்டிடியூட்டுக்கே எழுதி வைத்தார்.

1904 முதல் சாகும் வரை ரூதான் இயக்குநர். உடம்பு எப்போதும் சரியில்லை, தனி ஆள். வளாகத்திலேயே ஒரு சின்ன அறையில் தங்கி, எளிமையாக வாழ்ந்தார்.

1933 அக்டோபர் 29-ல் கால்மெட் இறந்தார். மாணவர் போன ஐந்தாம் நாள், நவம்பர் 3-ல் ரூவும் இறந்தார். இன்ஸ்டிடியூட்டின் தோட்டத்திலேயே அவரைப் புதைத்தார்கள். அந்தக் கட்டடம் இருக்கும் தெருவுக்கு இன்று டாக்டர் ரூ தெரு என்று பெயர். உள்ளே நுண்ணுயிரியல் வகுப்புகள் இப்போதும் நடக்கின்றன.