விண்ணுக்கு வழி வகுத்த விக்ரம் சாராபாய்

நம் பங்சார் வட்டாரம் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டமாக விளங்கிற்று. கன்று நட்ட நம் முன்னோர், ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்திருந்த பின்னரே அம்மரங்களில் பால் கண்டனர். நட்டவர் ஒருவராகவும் பால் வெட்டியவர் வேறொருவராகவும் இருந்ததும் உண்டு. அறிவியல் உலகிலும் அவ்வாறு கன்று நட்டு, பயன் காணுமுன் மறைந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவரே இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் விக்ரம் சாராபாய்.

அன்னார் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், அகமதாபாத் நகரில் செல்வம் மிக்க ஆலை முதலாளியின் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1942இல் பரதநாட்டியக் கலைஞரான மிருணாளினியை மணந்தார். 1947இல் டாக்டர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். தந்தையின் ஆலைகளே போதுமென்று அவர் இருந்துவிடவில்லை.

விண்ணில் ஏவுகணை செலுத்தத் தக்க இடமாகக் கேரளத்தின் தும்பா என்னும் மீனவச் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. புவியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதே அதற்குக் காரணம். அவ்வூர் மக்கள் தங்கள் தேவாலயத்தையே அறிவியலுக்கு விட்டுக்கொடுத்தனர். தேவாலயம் பணிமனையாயிற்று. ஏவுகணையின் உறுப்புகள் மிதிவண்டியில் கொண்டு செல்லப்பட்டன. இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமும் அங்குப் பணியாற்றினார். 1963 நவம்பர் 21ஆம் நாள், அமெரிக்கா வழங்கிய சிறிய ஏவுகணை ஒன்று அங்கிருந்து வானில் பாய்ந்தது.

உண்ண உணவில்லாதார் பலர் வாழும் நாட்டுக்கு விண்வெளி ஆய்வு எதற்கு என்று அக்காலத்தில் பலர் வினவினர். அது நியாயமான கேள்வியே. சாராபாய் அதனைப் புறக்கணிக்கவில்லை. பிற நாடுகளோடு போட்டியிடுவது தம் நோக்கமன்று என்றும், வானிலை அறியவும் சிற்றூர்களுக்குக் கல்வி கொண்டு செல்லவும் விண்வெளி பயன்படவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். 1969இல் அவர் அமெரிக்காவுடன் கண்ட உடன்பாட்டின் பயனாக, 1975ஆம் ஆண்டு முதல் ஓராண்டுக் காலம், ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சிக் கல்வி பெற்றன.

ஆயினும் அதனைக் காண அவர் இல்லை. 1971 டிசம்பர் 30ஆம் நாள், தும்பாவுக்கு அருகிலுள்ள கோவளத்தில் தம் 52ஆம் வயதில் காலமானார். அந்நாளில் அமெரிக்காவின் மாரினர் 9 விண்கலம் செவ்வாய்க் கோளைச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறிதொரு கோளைச் சுற்றிவந்த முதல் விண்கலம் அதுவே. ஆனால் அது நவம்பரில் சென்றடைந்தபோது கோள் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. புயல் தணியும்வரை காத்திருந்து, 1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முறையாகப் படமெடுக்கத் தொடங்கிற்று. அது அனுப்பிய 7,000க்கும் மேற்பட்ட படங்களில் மாபெரும் எரிமலைகளும் உலர்ந்த ஆற்றுப் படுகைகளும் தென்பட்டன.

சாராபாய் நட்ட கன்றும் ஒருநாள் அக்கோள்வரை கிளை பரப்பியது. 2013 நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. முதல் முயற்சியிலேயே இந்தியா வெற்றி கண்டது. செவ்வாயை நெருங்கி வரும்போது அதன் கேமரா நிலப்பரப்பின் சிறு பகுதியை நுணுக்கமாகப் படமெடுத்தது. 70,000 கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லும்போது முழுக்கோளையும் ஒரே படத்தில் அடக்கியது. கேமராவில் விழுந்த ஒளி எண்களாக மாற்றப்பட்டு, வானொலி அலைகளாகப் புவிக்கு வந்தது. விண்கலம் சென்றடைந்த நாளில் அவ்வலைகள் இங்கு வந்துசேர ஏறத்தாழ 12 நிமிடங்களாயின. ஆகவே, செய்யவேண்டியதை முன்கூட்டியே கற்றுக்கொண்டு, விண்கலம் தானே இயங்கவேண்டியிருந்தது. ஆறு மாதங்களுக்கென அமைக்கப்பட்ட அது, 2022 வரை உழைத்தது.

அத்திட்டத்தின் இயக்குநர் சுப்பையா அருணன் ஒரு தமிழர். அதன் பொறுப்பாளர்களுள் ஒருவரான மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடிச் சிற்றூரில் பிறந்து, தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பயின்றவர்.

மாணவச் செல்வங்களே! புயல் ஓயும்வரை காத்திருந்த விண்கலத்தையும், பயன் காணாமலே உழைத்த சாராபாயையும் நினைவில் கொள்ளுங்கள். நம் பெற்றோர் விடியுமுன் எழுந்து உழைப்பதும் அத்தகைய நடவே. அவர்தம் உழைப்பின் பயன் நம் கல்வியில் விளையட்டும்.