பிராணி நூற் புலவர் அகஸீஸ்

பரீட்சையும் அதற்குரிய எண்களும் ஆண்டுதோறும் நம்மை அலைக்கழிப்பன. இன்ன ஆசிரியர் கடுமையாய்த் திருத்துவர், இன்னவர் தாராளமாய் வழங்குவர் என விடுதித் தாழ்வாரங்களில் நாம் பேசாத நாளில்லை. வினாத்தாளினும் ஒரு செத்த மீனையே பெரிதும் நம்பி, அதனைக்கொண்டே மாணாக்கரின் தகுதியை அளந்தறிந்த ஓர் ஆசிரியரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

லூயி அகஸீஸ் என்பார் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து மோத்தியே என்னும் சிற்றூரில் 1807-ம் ஆண்டு மே மாதம் 28-ந் தேதி ஒரு புராடெஸ்டண்டு போதகரின் புதல்வராய்ப் பிறந்தனர். வைத்தியப் பட்டம் பெற்றாரெனினும் அவர் உள்ளம் மீன்களிடத்தே பதிந்து கிடந்தது. பாரிஸ் நகரத்துக் கூவியே, ஹம்போல்ட்டு ஆகிய பேரறிஞரின் ஆதரவு பெற்று, 1832-ல் நூஷாத்தெல் நகரில் ஆசிரியரானார். கல்லாய்ச் சமைந்த பண்டை மீன்களைப் பற்றி 1833 முதல் 1843 வரை அவர் வெளியிட்ட பெருநூலும், பூமியின் பெரும்பகுதியை முன்னொருகால் பனிக்கட்டி மூடியிருந்ததென நாட்டிய 1840-ம் ஆண்டு நூலும் அவர் புகழை எங்கும் பரப்பின. 1846-ல் அமெரிக்கா சென்றார். மறு வருடமே ஹார்வர்டு கலாசாலை அவரைத் தன் ஆசிரியராக்கிக் கொண்டது. 1859-ல் அவர் முயற்சியால் ஆங்கொரு பிராணிக் காட்சிசாலை நிறுவப்பெற்றது.

அவர்பாற் பயில வந்தோருள் சாமுவேல் ஸ்கடர் என்னும் இளைஞர் ஒருவர். (நம் மதுரை மிஷனில் ஊழியஞ்செய்து 1862-ல் ஆற்று வெள்ளத்தில் மூழ்கியிறந்த தாவீது ஸ்கடர் ஐயர் இவர்க்குத் தமையனார் என்பது நம் நாட்டார் அறியத்தக்கது.) பூச்சிகளை ஆராயும் விருப்பினராய் வந்த அவர்முன், சாராயத்தில் ஊறிய மீனொன்றை வைத்து, நன்கு நோக்குக என்று கூறி ஆசிரியர் அகன்றனர். உருப்பெருக்கும் கண்ணாடி கூடாது. கருவி யாதுங் கூடாது. கையும் கண்ணும் மீனுமே துணை. பத்து நிமிடத்தில் பார்த்து முடித்ததாக எண்ணிய மாணாக்கர், ஆசிரியரோ திரும்பி வாராமையின், செய்வதறியாது செதில்களை எண்ணினார். பல்லின் கூர்மையை விரலால் தடவினார். பின்னர் அம்மீனை வரையத் தொடங்கவே, அதுகாறும் காணாத உறுப்புக்கள் புலனாயின. எழுதுகோலும் ஒரு கண்ணே என ஆசிரியர் மெச்சினார். ஆயினும் கண்ணெதிரே விளங்கும் தலையாய இயல்பைக் காணவில்லையெனக் கடிந்து வீட்டிற்கு அனுப்பினார். இரவெல்லாம் உறக்கமின்றிச் சிந்தித்த ஸ்கடர், உடலின் இருபுறமும் உறுப்புக்கள் இவ்விரண்டாய் ஒத்தமைந்திருத்தலை மறுநாட் காலையில் உரைப்ப, ஆசிரியர் பெருமகிழ்வெய்தினர். இனி யாது செய்வதென வினவியதற்குக் கிடைத்த விடை, மீண்டும் மீனை நோக்குக என்பதே! இங்ஙனம் மேலும் மூன்று நாள் கழிந்தன. அதன்பின் அவ்வினத்து வேறொரு மீன் அருகில் வைக்கப்பட்டது. அப்படிப்பு எட்டுத் திங்கள் நீண்டது.

ஷேலர் என்பார் பட்ட பாடு இதனினும் பெரிது. நூலொன்றும் படியாது, எவரோடும் உசாவாது, ஒரு சிறு மீனை அவர் ஒரு வாரம் ஆராய்ந்தார். கண்டனவற்றையெல்லாம் விரித்துரைத்தபின், அது சரியன்று என்னும் ஒரு சொல்லே கிடைத்தது. குறிப்புக்களை எறிந்துவிட்டு நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் மறுபடியும் ஒரு வாரம் உழைத்தார். அதற்குப் பரிசாக அவர் பெற்றது, சுமார் ஆறுவகை மீன்களின் எலும்புகள் கலந்து கிடந்த ஒரு குவியல்! அவற்றைப் பிரித்துப் பொருத்த இரண்டு திங்களுக்கு மேலாயிற்று. நாமாயின் மூன்றாம் நாளே வேறு வகுப்பை நாடியிருப்போம். எனினும் ஆழ்ந்து நோக்குங்கால் இதனினும் நேர்மையான பரீட்சை வேறில்லை என்றே நமக்குத் தோன்றுகின்றது. மனப்பாடம் அதில் எட்டுணையும் செல்லாது.

இத்துணைச் சிறந்த ஆசிரியரிடத்தும் பெருங்குறை இருந்தது. காட்சிசாலை தோன்றிய 1859-ம் ஆண்டிலேதான் டார்வினுடைய நூலும் வெளிவந்தது. உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டனவென்றும், ஒன்று மற்றொன்றாய்த் திரிதல் இல்லையென்றும் அகஸீஸ் இறுதிவரை வாதித்தார். அவர் மாணாக்கரோ, வேதப்புரட்டைத் தீண்டுவார்போல, டார்வின் கொள்கையை மறைவிலேயே பேசிக்கொண்டனர். இஃதொருபுறமிருக்க, தம் உழைப்பின் பயனை ஆசிரியரே தமதாக்கிக் கொண்டனரென்று கிளார்க்கு என்னும் துணையாசிரியர் 1863-ல் அச்சிட்டு முறையிட்டார். காட்சிசாலையில் மாணாக்கர் செய்யும் வேலை காட்சிசாலைக்கே உரியதென விதியுண்டாகவே, மோர்ஸ், பாக்கார்டு, பட்னம் முதலியோர் மனங்கசந்து பிரிந்து போயினர்.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுளது. மக்களினங்கள் வெவ்வேறாய்ப் படைக்கப்பட்டனவென அவர் கூறியதை அடிமை வியாபாரத்தார் தமக்கு அரணாகக் கொண்டனர். 1850-ல் தென் கரோலினாவில் ஆப்பிரிக்க அடிமைகளை ஆடை களைந்து நிறுத்திப் படமெடுக்கச் செய்தார். மீனின் செதிலில் அத்துணை நுட்பங் கண்ட கண், எதிர்நின்ற மனிதனைக் காணாது போயிற்று.

1873-ம் ஆண்டு வேனிலில், மஸ்ஸசூஸெட்ஸ் கரையை அடுத்த பெனிகீஸ் தீவில், ஆடவரும் மகளிருமாய்ச் சுமார் ஐம்பது பேரைக் கூட்டி, மௌனப் பிரார்த்தனையுடன் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அவருள் பலர் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். நூலை விடுத்துக் கடலையே கற்பதற்கென அமைந்த அதுவே அவர்தம் கடைசி வகுப்பு. அவ்வாண்டு டிசம்பர் 14-ந் தேதி உயிர் நீத்தார். இளமையில் அவர் குடிலிட்டு ஆராய்ந்த ஆர் என்னும் பனியாற்றினின்று கொணர்ந்த பாறையொன்றே அவர் கல்லறைமேல் நாட்டப்பட்டது.

பெனிகீஸில் பயின்ற ஜார்டன் பிற்காலத்து ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் முதல் தலைவராயினர். மீன்களை ஆராய்ந்து ஆராய்ந்தே அவர் டார்வின் பக்கஞ் சேர்ந்தனர். ஷேலரும் அவ்வழியினரே. பிணங்கிப் பிரிந்த மோர்ஸ் 1877-ல் ஜப்பான் தேசம் புகுந்து, டோக்கியோ சர்வகலாசாலையில் ஆசிரியராயமர்ந்து, தம் ஆசிரியர் மறுத்த அக்கொள்கையையே அந்நாட்டு மாணாக்கர்க்குப் போதித்தார்.