முனைவர் பட்டம் இல்லாத குவாண்டம் முன்னோடி: சத்யேந்திரநாத் போஸின் ஆய்வு வாழ்க்கை

ரூ.6,003.65 கோடி மதிப்பிலான தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை செயல்படும் இந்த இயக்கத்தின் கீழ், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தையும் சென்னை, மும்பை, டெல்லி ஐஐடிக்களையும் தலைமையிடமாகக் கொண்டு நான்கு ஆய்வு மையங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. குவாண்டம் கணினி, குவாண்டம் தகவல் தொடர்பு, நுண்ணளவீடு, புதிய பொருள்கள் ஆகிய துறைகளில் ஆய்வாளராகும் வாய்ப்பை இளைஞர்கள் எதிர்நோக்கியுள்ளனர்.

இத்துறையில் நுழைய விரும்பும் ஒருவரிடம் இன்று முதலில் கேட்கப்படுவது முனைவர் பட்டம். அடுத்துக் கேட்கப்படுவது, அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். இவ்விரு கேள்விகளுக்கும் நிறைவான விடை தர இயலாத ஓர் இந்தியரின் பெயரால்தான், இயற்கையின் துகள்களில் ஒரு பெரும் பிரிவே இன்று அழைக்கப்படுகிறது. அவர் சத்யேந்திரநாத் போஸ்.

கொல்கத்தாவில் 1894 ஜனவரி 1 அன்று பிறந்தவர் போஸ். தந்தை சுரேந்திரநாத் கிழக்கிந்திய ரயில்வேயின் பொறியியல் பிரிவில் பணியாற்றினார். ஏழு பிள்ளைகளில் மூத்தவரான போஸுக்கு ஆறு தங்கைகள். மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அவருக்கு ஆசிரியர்களாக அமைந்தனர். விண்மீன்களின் நிறமாலையை விளக்கிப் பின்னாளில் புகழ்பெற்ற மேகநாத் சாகா அவரது வகுப்புத் தோழர். 1915-இல் முதுநிலைத் தேர்வில் போஸ் முதலிடமும் சாகா இரண்டாமிடமும் பெற்றனர்.

முதலிடம் பெற்றவருக்கு உடனே வேலை கிடைத்துவிடவில்லை. தனிப்பயிற்சி அளித்துச் சிறிது காலத்தைக் கழித்தார். கொல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி, ராஜாபஜாரில் அறிவியல் கல்லூரியைத் தோற்றுவித்து இளைஞர்களைத் தேடிக்கொண்டிருந்தார். போஸையும் சாகாவையும் அழைத்து, புதிய இயற்பியலைத் தாமே கற்றுப் பிறருக்கும் கற்பிக்குமாறு பணித்தார். குவாண்டம் கொள்கை சாகாவுக்கும், சார்பியல் போஸுக்கும் ஒதுக்கப்பட்டது. குவாண்டம் வரலாற்றில் இடம்பெறப் போகிறவருக்குத் தொடக்கத்தில் குவாண்டம் பாடம் ஒதுக்கப்படவே இல்லை என்பது சுவையான முரண்.

முதல் உலகப் போர் நடந்த காலம் அது. ஐரோப்பாவிலிருந்து நூல்களும் ஆய்விதழ்களும் வருவது அரிதாகிவிட்டது. சிவபுரி பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் புரூல் என்பவரிடம் ஜெர்மன் மொழி இயற்பியல் நூல்கள் இருந்தன. அவற்றை இரவல் வாங்கிப் படிப்பதற்காக இருவரும் ஜெர்மன் மொழியைக் கற்றனர். அந்தப் பயிற்சியின் பயனாக, ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை அவர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். மகலனோபிஸின் முன்னுரையுடன் கொல்கத்தா பல்கலைக்கழகம் அதனை 1920-இல் நூலாக வெளியிட்டது. வழிகாட்டி எவருமின்றி, ஒரு மொழியைக் கற்று அதன் வழியே ஓர் அறிவியலையும் கற்ற அந்த ஆண்டுகளே போஸுக்கு ஆய்வுப் பயிற்சியாக அமைந்தன எனலாம்.

1921-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப்பேராசிரியராகப் போஸ் சேர்ந்தார். கதிர்வீச்சுக் கொள்கையை மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது ஓர் இடறல் அவரை உறுத்தியது. சூடான பொருள் வெளியிடும் ஒளி, நிறங்களுக்கிடையே எவ்வாறு பகிர்ந்திருக்கும் என்பதற்கு மாக்ஸ் பிளாங்க் 1900-இல் ஒரு சூத்திரம் கண்டார். சூத்திரம் சரியானது, சோதனைகளோடு பொருந்தியது. ஆனால் அதனை நிறுவும் வழி சீராக இல்லை. ஒளியை அலையாகக் கருதும் பழைய கொள்கையிலிருந்து பாதியும், ஆற்றல் சிறு பொட்டலங்களாக வருகிறது என்னும் புதிய கொள்கையிலிருந்து பாதியும் எடுத்து அது ஒட்டவைக்கப்பட்டிருந்தது. ஐன்ஸ்டீன் உள்ளிட்டோர் கண்ட மாற்று வழிகளிலும் பழைய கொள்கையின் சாயல் முற்றிலும் நீங்கவில்லை. தமக்கே தெளிவுபடாத ஒன்றை மாணவர்கள் முன் தெளிவுபோல் எடுத்துரைக்கப் போஸின் மனம் ஒப்பவில்லை. 1924-இல் டாக்கா வந்திருந்த சாகாவுடன் நடந்த உரையாடலும் இச்சிக்கலின்மீது தம் கவனத்தைத் திருப்பியதாகப் போஸ் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

அவர் கண்ட தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஒளியை முழுவதும் துகள்களாகவே கொண்டார். அத்துகள்கள் இருக்கக்கூடிய நிலைகளை, பிளாங்க் மாறிலியின் மும்மடிப் பெருக்கத்தை அளவாகக் கொண்ட சிற்றறைகளாகப் பிரித்தார். எந்த அறையில் எந்தத் துகள் உள்ளது என்று கேட்காமல், எத்தனை துகள்கள் உள்ள அறைகள் எத்தனை என்று மட்டும் எண்ணினார். அலைக் கொள்கையின் துணையின்றியே பிளாங்கின் சூத்திரம் முழுமையாக வந்து சேர்ந்தது.

இதன் பொருளை இரண்டு நாணயங்களைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். இரண்டையும் சுண்டினால் இரண்டும் தலையாக விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டும் பூவாக விழும் வாய்ப்பும் நான்கில் ஒன்று. தலையும் பூவும் கலந்து விழும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இது தலை, அது பூ என்பதும், இது பூ, அது தலை என்பதும் தனித்தனி நிகழ்வுகள் என்பதால் கலப்பின் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. ஆனால் இது, அது என்று வேறுபடுத்தவே இயலாத நாணயங்களாக இருந்தால்? அப்போது மூன்றே நிகழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு வாய்ப்பு. ஒரே நிலையில் சேர்ந்திருக்கும் நாட்டம் கூடிவிடுகிறது. ஒளித்துகள்கள் இவ்வாறே நடந்துகொள்கின்றன. தாம் செய்தது அத்துணை புதியது என்பதை அப்போது தாம் உணரவில்லை என்று போஸே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கட்டுரையை லண்டனிலிருந்து வெளிவந்த பிலாசபிகல் மேகசின் இதழுக்கு அவர் முதலில் அனுப்பியதாகவும், அங்கு அது ஏற்கப்படவில்லை என்றும் வாழ்க்கை வரலாறுகள் தெரிவிக்கின்றன. 1924 ஜூன் 4 அன்று அவர் அதனை நேராக ஐன்ஸ்டீனுக்கே அனுப்பினார். கட்டுரை தகுதியுடையதெனக் கருதினால் அதனை ஜெர்மன் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட ஏற்பாடு செய்யுமாறு உடன் வைத்த கடிதத்தில் வேண்டினார். முன்பின் அறிமுகமில்லாத 30 வயது ஆசிரியர் ஒருவர், உலகின் தலைசிறந்த இயற்பியலாளரிடம் கேட்கத் துணிந்த உதவி அது. ஐன்ஸ்டீன் தாமே அதனை ஜெர்மனில் மொழிபெயர்த்து, பாராட்டுக் குறிப்புடன் சைட்ஷ்ரிஃப்ட் ஃபியூர் பிசிக் இதழில் அவ்வாண்டே வெளிவரச் செய்தார். அச்சில் அது நான்கே பக்கம். அதே எண்ணும் முறையை ஐன்ஸ்டீன் வாயு அணுக்களுக்கும் விரிவாக்கினார். மிகக் குறைந்த வெப்பநிலையில் அணுக்கள் கூட்டமாக ஒரே குவாண்டம் நிலையில் ஒடுங்கும் என்ற முடிவுக்கு வந்தார். அதுவே போஸ்-ஐன்ஸ்டீன் செறிநிலை.

ஐன்ஸ்டீன் பாராட்டி எழுதிய அஞ்சலட்டை ஒன்று போஸின் வாழ்க்கையைத் திருப்பியது. ஐரோப்பா சென்று ஆய்வு செய்ய டாக்கா பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு விடுப்பும் உதவித்தொகையும் வழங்கியது. ஜெர்மனி செல்ல விசா பெறவும் அந்த அட்டையே துணைநின்றது. ஆய்வு வாழ்க்கையில் பரிந்துரைக்கு உள்ள வலிமை அன்றும் குறைந்ததன்று.

முதலில் பாரிஸ் சென்ற போஸ், பால் லாஞ்செவினின் அறிமுகத்தால் மரீ கியூரியைச் சந்தித்தார். முதலில் சில மாதங்கள் பிரெஞ்சு மொழியைக் கற்றுவிட்டு வருமாறு கியூரி அறிவுறுத்தினார். தமக்கு ஏற்கெனவே பிரெஞ்சு தெரியும் என்பதைச் சொல்ல முடியாமல், இயல்பாகவே கூச்சமுடைய போஸ் திரும்பிவிட்டார். மாரிஸ் டி பிராய் ஆய்வகத்தில் எக்ஸ் கதிர் நுட்பங்களைக் கற்றுக்கொண்ட பின், 1925 அக்டோபரில் பெர்லின் சென்று ஐன்ஸ்டீனைக் கண்டார்.

இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரையும் எழுதவில்லை. கதிர்வீச்சும் பொருளும் சமநிலை அடைவது பற்றிப் போஸ் அனுப்பியிருந்த இரண்டாம் கட்டுரையையும் ஐன்ஸ்டீன் மொழிபெயர்த்து வெளியிட்டார்; எனினும் அதன் கருத்தைத் தாம் ஏற்கவில்லை என்ற மறுப்பையும் உடன் சேர்த்தார். அந்த ஆண்டுகளில்தான் ஹைசன்பர்க்கும் ஷுரோடிங்கரும் புதிய குவாண்டம் இயக்கவியலைப் படைத்தனர். அந்தப் பேரலையின் நடுவே இருந்தும் போஸ் அதில் பங்குகொள்ளவில்லை. ஏன் என்பதற்கு ஒற்றை விடை இல்லை. தமக்கு உறுத்தலாகத் தோன்றிய சிக்கலை மட்டுமே தேடிச் செல்வது அவரது இயல்பு. துறையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடுவது அவருக்குக் கைவரவில்லை.

1926-இல் நாடு திரும்பியவர் டாக்காவில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் ஐன்ஸ்டீனிடம் பரிந்துரைக் கடிதம் பெற்றார். அந்தக் கடிதம் கண்டதும் பதவி கைக்கு வந்துவிட்டதாகப் பலரும் எழுதுகின்றனர். நடந்தது அத்தனை எளிதன்று. பதவி முதலில் தேவேந்திர மோகன் போஸுக்கே அளிக்கப்பட்டது. அவர் ஏற்க மறுத்த பின்னரே, 1927-இல் சத்யேந்திரநாத் போஸ் பேராசிரியரும் துறைத் தலைவரும் ஆனார்.

அதன்பின் அவர் செய்தவை பெரும்பாலும் கட்டுரைப் பட்டியலில் ஏறாதவை. ஆய்வகத்தை உருவாக்கினார், எக்ஸ் கதிர் படிகவியலுக்கான கருவிகளைத் தாமே வடிவமைத்தார், வேதியியல் மாணவர்களுக்கும் வழிகாட்டினார். அந்த டாக்கா துறையில்தான், ராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட, வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன் 1928 இறுதி முதல் சில ஆண்டுகள் பணியாற்றிப் படிகங்களின் காந்தப் பண்புகள் குறித்த தம் புகழ்பெற்ற ஆய்வுகளை நடத்தினார்.

1945-இல் போஸ் கொல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அங்கு அவரிடம் ஆய்வு செய்த பூர்ணிமா சின்ஹா, உலகப் போர் முடிந்தபின் விற்பனைக்கு வந்த ராணுவ உதிரிப் பொருள்களைக் கொண்டு எக்ஸ் கதிர் கருவியை அமைத்து, களிமண் வகைகளை ஆராய்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். தாம் பெறாத பட்டத்தை மாணவி பெற வழிகாட்டினார் ஆசிரியர்.

தாய்மொழியில் அறிவியல் கற்பிக்க முடியும் என்பதில் போஸுக்கு உறுதி இருந்தது. 1948-இல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவி, வங்க மொழியில் அறிவியல் மாத இதழையும் தொடங்கினார். தாகூர் தம் ஒரே அறிவியல் நூலான விஸ்வ பரிசயத்தை 1937-இல் போஸுக்கே காணிக்கையாக்கியிருந்தார். எஸ்ராஜ் இசைக்கருவி வாசிப்பதும் போஸின் நாட்டங்களுள் ஒன்று.

வாழ்நாளில் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் சுமார் இரண்டு டஜன் மட்டுமே. இக்காலத் தேர்வுக் குழு எதுவும் அந்த எண்ணிக்கையைக் கண்டு மகிழாது. அவரது ஆற்றல் வீணானது என்று வருந்துவோரும் உண்டு. ஆய்வகம், மாணவர்கள், மொழி என்று அவர் செலவிட்ட ஆண்டுகளை வீண் என்று கொள்ள இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. எனினும் பெர்லினிலிருந்து திரும்பியவருக்கு டாக்காவில் ஈடான ஆய்வுத் துணை இருந்திருந்தால் என்ற கேள்வி எழாமலும் இல்லை.

அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. 1945-இல் டிராக், போஸின் எண்ணும் முறைக்கு உட்படும் துகள்களுக்குப் போசான் என்று பெயரிட்டார். 1954-இல் பத்ம விபூஷண் விருதும், 1958-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதியும் கிடைத்தன. 1952 முதல் மாநிலங்களவை உறுப்பினராகவும், பின்னர் விஸ்வபாரதியின் துணைவேந்தராகவும் இருந்தார். தேசியப் பேராசிரியராகவும் நியமிக்கப்பட்டார். 1956 முதல் சில முறை நோபல் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். அவரது பணியை மதிப்பிட்ட சுவீடன் இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன், பரிசுக்கு அது உரியதெனக் கருதவில்லை.

போஸின் 80-ஆவது பிறந்தநாளும் அவரது கண்டுபிடிப்பின் பொன்விழாவும் 1974 ஜனவரியில் கொல்கத்தாவில் கொண்டாடப்பட்டன. பிப்ரவரி 4 அன்று அவர் காலமானார். அவர் பெயரிலான தேசிய அடிப்படை அறிவியல் ஆய்வு மையம் 1986-இல் அதே நகரில் நிறுவப்பட்டது. போஸ்-ஐன்ஸ்டீன் செறிநிலையோ 70 ஆண்டுகள் ஏட்டளவிலேயே இருந்தது. 1995 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் குழுவினர், ரூபிடியம் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்து அதனை நேரில் உருவாக்கினர். அதே ஆண்டில் சோடியம் அணுக்களைக் கொண்டு அதனை உருவாக்கிய வுல்ஃப்காங் கெட்டர்லேயுடன் அவர்கள் இருவரும் 2001-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.