வேரைத் தேடிய ஆசிரியர்



முதலாம் ஆண்டில் எனக்கு நேர்ந்த சங்கடத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். பத்தாவது வரை தமிழ் மீடியம். பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் புத்தகம் பூரா இங்கிலீஷ். தெர்மோமீட்டர், தெர்மோஸ்டாட், தெர்மல் என்று வரிசையாக வந்த வார்த்தைகளைத் தனித்தனியா உருப்போட்டேன். பரீட்சை ஹாலில் அத்தனையும் மறந்து போச்சு. இரண்டு அரியர்!

அந்த விடுமுறையில் நூலகத்தில் கையில் கிடைத்தது தேவநேயப் பாவாணரின் வேர்ச்சொல் கட்டுரைகள். சொல்லுக்கும் மரம் போல வேர் உண்டு, வேரைப் பிடித்தால் கிளைகள் தானே வரும் என்பதுதான் அதில் நான் கண்ட சேதி. நம்ம ஊர்ப் பெயரையே பாருங்களேன். ஜெயங்கொண்டம். ஜெயம் வடசொல், 'கொண்ட' என்பது 'கொள்' என்ற தமிழ் வேரிலிருந்து வந்தது. பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலும் அதே கொள்தான். கொள்முதல், கொள்கை, கொள்ளை, கொள்கலம், நாம் கணக்குப் போடும் கொள்ளளவு எல்லாம் ஒரு தாய் மக்கள். வொர்க் ஷாப்பில் கம்பியை வளைக்கிறோமே, அந்த வளை, 'வள்' என்ற வேரிலிருந்து வந்தது. வளையம், வளையல், வட்டம், நாம் தினமும் நடக்கும் கல்லூரி வளாகம் எல்லாம் அதன் பிள்ளைகள். இதைக் காட்டிய மனிதர் யார் என்று தேடிப் படித்தேன்.

1902-ஆம் ஆண்டு சங்கரன்கோவிலில் பிறந்தவர். இளம் வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். ஆம்பூரிலும் பாளையங்கோட்டையிலும் பிறர் ஆதரவில் படித்துப் பள்ளி ஆசிரியரானார். 1924-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வென்றார். தேவநேசக் கவிவாணன் என்றிருந்த பெயரில் நேசனை நேயனாக்கி, கவிவாணனைப் பாவாணனாக்கித் தேவநேயப் பாவாணர் ஆனார். வேர்த் தேடலைத் தன் பெயரிலேயே தொடங்கிய மனிதர்!

திருச்சி பிஷப் ஹீபர் பள்ளியிலும் அவர் ஆசிரியராக இருந்தார். அப்போது நம் ஊரும் திருச்சி மாவட்டம்தான். அங்கே இருந்த காலத்தில், 1940-இல், ஒப்பியன் மொழிநூல் வெளிவந்தது. பிறகு சேலம் நகராட்சிக் கல்லூரியில் 12 ஆண்டுகள். பெருஞ்சித்திரனார் அங்கே அவரிடம் படித்தவர். 1956-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அழைத்தது. நம்ம பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறினால் போய்விடலாம், அவ்வளவு பக்கம். ஆனால் அவருடைய ஆராய்ச்சி முறை அங்கே ஏற்கப்படவில்லை. 1961-இல் வேலை போயிற்று. 1963-இல் மனைவி நேசமணி அம்மையாரும் மறைந்தார். வருமானமில்லாத அந்தக் காலத்திலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உலக மொழிகளுக்கெல்லாம் தாய் தமிழே என்று பாவாணர் நம்பினார். இன்றைய மொழியியலார் இதை ஏற்பதில்லை. இங்கிலாந்தில் டோல்கீன் (1892-1973) என்ற பேராசிரியர் இருந்தார். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் சொற்பிறப்பு ஆராய்ந்தவர். பிறகு தன் கதைகளில் வரும் எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்கு மொழியே உண்டாக்கினார். அதற்கும் வேர்ச்சொல் பட்டியல் போட்டார். அதில் 'கல்' என்றால் ஒளிர்தல். அதிலிருந்து கலா என்றால் ஒளி, கல்மா என்றால் விளக்கு. நம்ம கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் ஏதாவது உறவு உண்டா? கிடையாது. ஒலி ஒத்துப் போனதாலேயே உறவு என்று சொல்லிவிட முடியாது. பாவாணரைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கையும் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் தமிழுக்குள் ஒரு சொல்லின் குடும்பத்தைத் தேடிக் காட்டிய உழைப்பு சாதாரணமானதல்ல.

ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பிறப்புக் காட்டும் பேரகராதி ஒன்று செய்ய வேண்டும் என்பது அவர் வாழ்நாள் ஆசை. 1974-இல்தான் தமிழக அரசு அதற்கெனத் தனித் திட்டம் அமைத்து அவரை இயக்குநராக்கியது. அப்போது அவருக்கு வயது 72. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் அவர் வேலையை ஆரம்பித்தார்! 1981 ஜனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் பேசிய பின் உடல்நலம் குன்றி, அதே மாதம் அங்கேயே காலமானார். அகரமுதலியின் முதல் பகுதி 1985-இல்தான் அச்சில் வந்தது. அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. மற்றவர்கள் தொடர்ந்து உழைத்து 2011-இல் 31 பகுதிகளாக நிறைவு செய்தார்கள்.

நண்பர்களே, அடுத்த முறை பரீட்சைக்குப் படிக்கும்போது பாவாணர் வழியை இங்கிலீஷுக்கும் போட்டுப் பார்த்தேன். தெர்மோ என்றால் கிரேக்கத்தில் வெப்பம். அந்த ஒன்றைப் பிடித்ததும் மூன்று வார்த்தையும் தானாகப் புரிந்தன. ஹைட்ரோ என்றால் நீர். அங்கேயும் ஒரு குடும்பம். இரண்டு அரியரும் போயிற்று!

நம்மில் தமிழ் மீடியத்திலிருந்து வந்து மிரண்டு நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வார்த்தையைக் கண்டு பயப்படாதீங்க. அதன் வேர் எது என்று கேளுங்க. தான் நட்ட மரத்தின் பழத்தைப் பார்க்காமலே போன அந்தப் பெரியவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

வாழ்க தமிழ்!